கம்பியின் மறுமுனை

ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு கம்பி இருந்ததாம். அந்தக் கம்பிக்கு இரண்டு முனை இருந்ததாம். ஒரு முனையை ஒரு மனிதன் தூக்கினான், மறுமுனையை ஒரு மாடு தூக்கியது. எங்கள் தாத்தா கதை சொன்னால் இப்படித்தான், எடுத்த எடுப்பிலேயே யார் மனிதன், யார் மாடு என்று பிரித்துக் கொடுத்துவிடுவார். கேட்கிறவன் பாதியில் குழம்பக் கூடாது பார். நீயும் குழம்ப வேண்டாம். மனிதன் நான்தான்.

உட்கார் தம்பி, உட்கார். பெட்டியை எதற்கு மடியில் வைத்துக்கொண்டிருக்கிறாய்? யாரும் தூக்கிக்கொண்டு ஓட மாட்டார்கள். அதில் என்ன இருக்கப்போகிறது, இரண்டு லுங்கி, ஒரு பாட்டில் ஊறுகாய். அதோ எதிரே தெரிகிறதே, நீலக் கேட்டு, தகரக் கொட்டகை, அதுதானே நீ போக வேண்டிய பயிற்சி நிலையம்? தலையை ஆட்டுகிறாய். அது போதும், பேச வேண்டாம். நானும் அங்கேதான். கேட்டைத் திறக்க இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கிறது. அதுவரை இந்தப் பஸ் நிழற்குடையில் உனக்கும் வேலை இல்லை, எனக்கும் வேலை இல்லை.

தனியாகத்தானே வந்திருக்கிறாய்? கூட்டாளி, சொந்தக்காரன் என்று யாரும் கூட இல்லையே? நல்லது. சும்மா கேட்டேன்.

அங்கே ஒரு சட்டம் உண்டு. கம்பி வேலை பழக வருகிறவனைத் தனியாளாகச் சேர்க்க மாட்டார்கள். ஜோடியாகத்தான். முதல் நாள் யார்டில் நீளக் கம்பிகளை வரிசையாகத் தரையில் போட்டிருப்பார்கள். ஒவ்வொருவனும் ஒரு முனையில் போய் நிற்க வேண்டும். மறுமுனையில் எவன் வந்து நிற்கிறானோ அவன்தான் ஜோடி. பயிற்சி முடிகிறவரை அவன்தான், பரீட்சைக்கும் அவன்தான், அப்புறம் கம்பெனியில் வேலைக்கு எடுத்தாலும் அவனோடுதான். வாத்தியார் யாரையும் யாரோடும் சேர்த்துவிட மாட்டார். 'உன் கழுத்தை இன்னொருத்தன் கையில குடுக்கிற வேலை இது, நான் சொல்லி நீ குடுக்கக் கூடாது' என்பார். பெரிய தத்துவம். மணி அடித்துக் கேட்டைச் சாத்துகிற நேரத்தில் மறுமுனையில் ஆள் இல்லாதவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற வேண்டியதுதான்.

நான் போன பேட்ச். பரீட்சைக்கு உட்கார முடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன். இன்றைக்கு வந்து ஆள் கிடைத்தால் மறுபடி சேரலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். இன்றைக்கு விட்டால் அவ்வளவுதான்.

உன்னைக் கேட்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. நான் யாரையும் போய்க் கேட்கிற ஆள் இல்லை. அதுவும் உன்னை. உன் மணிக்கட்டைப் பார், முருங்கைக்காய் மாதிரி. ஆனால் உள்ளே போனதும் உன் காதில் ஒரு கதையைப் போடுவார்கள். அந்த டீக்கடை வாசலில் நிற்கிறதே ஒரு கும்பல், போன பேட்சில் தேறாத கூட்டம், என்னைப் பார்த்ததும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது பார், அவர்கள்தான் போடுவார்கள். அதற்கு முன்னால் நடந்தது என்ன என்று நீ என் வாயால் கேட்டுவிடுவது நல்லது. கேட்டபிறகு நீயே முடிவு பண்ணிக்கொள். எனக்கென்ன.

என் பெயர் பூவராகன். ஸ்ரீமுஷ்ணம். பி.ஏ. வரலாறு. நான் பேசுவது புத்தகம் வாசிக்கிற மாதிரி இருக்கிறது என்று உள்ளே எனக்கு நியூஸ் என்று பெயர் வைத்தார்கள். நான் வாயைத் திறந்தால் போதும், ஒருவன் 'செய்திகள், வாசிப்பது நம்ம நியூசு' என்பான். இன்னொருவன் 'சத்தம் பத்தல, ரேடியோவைத் தட்டு' என்று என் முதுகில் தட்டுவான். நான் குரலை உயர்த்த மாட்டேன், அதுதான் அவர்களுக்கு வேடிக்கை. எங்கள் தாத்தா கதை சொல்கிறபோது பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட வந்து உட்காருவார்கள். அத்தனை பேருக்கும் அவர் கத்தியா சொன்னார்? முணுமுணு என்றுதான் சொல்வார். ராட்சசன் வருகிற இடத்தில் இன்னும் குறைப்பார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிவார்கள். கேட்க வேண்டியவன் குனிந்து வருவான், சொல்கிறவன் எதற்குக் கத்த வேண்டும்? கத்துவது மாடு ஓட்டுகிறவன் வேலை. இது இந்தக் கூட்டத்துக்கு எங்கே புரியப்போகிறது?

டிகிரி முடித்துவிட்டு அக்கா வீட்டில் இருந்தேன். சும்மா இல்லை, பரீட்சைகள் எழுதிக்கொண்டிருந்தேன். அக்கா வீட்டுக்காரருக்கு உரக்கடை. ஒருநாள் கடையில் கூட்டமாக இருக்கும்போது, 'பூவராகா, இந்தப் பொட்டாஷ் மூட்டையை எடுத்து அண்ணன் வண்டியில போடு' என்றார். எடுத்தேன். எடுத்தேன் என்பதைக் கவனி. வண்டிக்கும் எனக்கும் நடுவில் மூட்டை கொஞ்சம் சரிந்துவிட்டது. 'அவனுக்கு டிகிரியே கனம்யா, மூட்டையை எங்க தாங்குவான்' என்றார் அக்கா வீட்டுக்காரர். கடை முழுக்கச் சிரித்தது. அந்த வாரமே இங்கே மனுப் போட்டேன். பொட்டாஷ் என்ன பொட்டாஷ், இரும்பையே தூக்கிக் காட்டுகிறேன் என்று. இப்போது ஜோடி கிடைக்காமல் திரும்பிப் போனேன் என்று வை, கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு என்னை உட்கார வைத்து, யூரியா வாங்க வருகிறவனிடம் எல்லாம் இந்தக் கதையைச் சொல்வார். அதற்கு நான் இந்த நிழற்குடையிலேயே குடும்பம் நடத்தலாம்.

என்ன? ஏதோ சொல்ல வருகிறாய். இரு, முடித்துக்கொள்கிறேன்.

போன தடவை முதல் நாள் நான் ஒரு கம்பி முனையில் போய் நின்றேன். எல்லோரும் வந்தார்கள், பார்த்தார்கள், அடுத்த கம்பிக்குப் போனார்கள். எனக்கு ஈடாக நிற்கிற துணிச்சல் எவனுக்கும் இல்லை. கடைசியில், கேட்டைச் சாத்துகிற நேரத்தில், தலையில் துண்டோடு ஒருவன் ஓடி வந்தான். 'இங்க ஆரு நிக்கிறா? ஆரும் இல்லியா? அப்ப நான் நிக்கிறன்.' நின்றான். நின்றவன் சும்மா நின்றானா? குனிந்து முனையைத் தூக்கி ஒரு குலுக்குக் குலுக்கினான். அந்தக் குலுக்கல் கம்பி வழியாக வந்து என் காலில் இடித்தது. 'எம் பேரு கொளஞ்சி. விருத்தாசலம் பக்கம். பண்ருட்டியில பலாப்பழ லோடு ஏத்திக்கிட்டிருந்தன். உம் பேரு?'

சொன்னேன். 'பூவராகனா? அம்மாம் நீளமா என்னால கூப்புட முடியாது. பூவு' என்றான்.

மாட்டுக்குப் பெயர் வைக்கிற மாதிரி வைத்துவிட்டான்.

அவனைப் பற்றி என்ன சொல்வது. சோறு தின்றால் பக்கத்து வரிசைக்குக் கேட்கும். சிரித்தால் தகரக் கொட்டகை அதிரும். விடுதியில் பெண்டாட்டியோடு போனில் பேசினால், ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவான். அவள் பெயர் அம்சவல்லி. 'இந்தா, நம்ம பூவு பக்கத்துல இருக்காரு, பேசு' என்று போனை என் மூக்கில் இடிப்பான். அவள் 'அண்ணே, சாப்ட்டீங்களா?' என்பாள். முகம் தெரியாத என்னை எதற்கு அண்ணன் என்கிறாள்? என் கையுறை கிழிந்து உள்ளங்கை கொப்பளித்திருந்தது. ஒருநாள் காலையில் எழுந்து பார்க்கிறேன், கையுறை தைத்து வைத்திருக்கிறது. சாக்குத் தைக்கிற நூலால், கோணல் மாணலாக. தைத்துக் கொடு என்று நான் கேட்டேனா? போட்டுக்கொண்டேன், வேறு இல்லாததால்.

வேலை என்று பார்த்தால் அங்கே எனக்கு இணை கிடையாது. தூணுக்கு நெட்டுக்கம்பி நிறுத்தி, ரிங் மாட்டி, கம்பியும் கம்பியும் சந்திக்கிற ஒவ்வொரு இடத்திலும் கட்டுக்கம்பி போட்டுக் கொக்கியால் முறுக்க வேண்டும். மற்றவன் கட்டினால் குரங்கு பூணூல் போட்ட மாதிரி இருக்கும். நான் கட்டினால் எல்லா முடிச்சும் ஒரே பக்கம் பார்க்கும், எல்லா வாலும் உள்ளே மடங்கியிருக்கும். வாத்தியார் தேவசகாயம் பார்த்தார். கழுத்தில் ஒரு விசிலைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு திரிகிற ஆள். என்ன சொன்னார் தெரியுமா? 'டேய் நியூசு, கம்பி கட்டுறியா, கல்யாணப் பொண்ணுக்குச் சடை பின்னுறியா? மத்தியானம் காங்கிரீட் வண்டி வந்துரும், பொண்ணு இன்னும் எந்திரிக்கல.' எல்லோரும் சிரித்தார்கள். இந்தக் கொளஞ்சி மட்டும், 'அவன் கட்டுனா அவுராது சார்' என்றான். இவனிடம் சிபாரிசு கேட்டேனா?

கேட்டைத் திறக்கிறார்கள் பார். போகலாம், போகலாம், அவசரமில்லை. மணி அடிக்கும் முன்னால் போனால் போதும். கூட்டம் முட்டிக்கொண்டு நுழையட்டும். அந்தப் பக்கம் போகிறார்களே அவர்கள் கொத்து வேலை. அந்தக் கொட்டகை வயரிங். அவர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், சட்டைப் பையில் ஒரு டெஸ்டரைச் செருகிக்கொண்டு டாக்டர் மாதிரி நடப்பார்கள், சுவரில் ஓட்டை போடுவதைத் தவிர ஒன்றும் தெரியாது. ஏன் முகம் அப்படிப் போகிறது? உனக்கு அங்கே யாராவது தெரிந்தவனா? தெரிந்தவனாகவே இருக்கட்டும், நான் உள்ளதைச் சொல்கிறேன்.

இப்போது கவனமாகக் கேள். நாளைக்கு உனக்கே தேவைப்படும்.

நீளக் கம்பிக் கட்டை இரண்டு பேர் தூக்குகிறபோது இருவரும் ஒரே பக்கத்துத் தோளில் வைக்க வேண்டும். நீ வலது என்றால் அவனும் வலது. முன்னால் போகிறவனுக்கு முதுகில் கண் கிடையாது. அதனால் பின்னால் வருகிறவன்தான் குரல் கொடுக்க வேண்டும். தூக்கும்போது ஒரு குரல், திரும்பும்போது ஒரு குரல், போடும்போது ஒரு குரல். 'விடு' என்றால் இருவரும் ஒரே மூச்சில், ஒரே பக்கமாகத் தள்ளிவிட்டு விலக வேண்டும். ஒருவன் முந்திவிட்டால் கம்பி சும்மா விழாது. அவன் முனை தரையில் அடித்த அடியில் இவன் முனை சாட்டை மாதிரித் துள்ளும்.

முதலில் கொளஞ்சிதான் பின்னால். நான் முன்னால். அவன் குரல் கொடுக்கிற அழகைக் கேட்டிருக்க வேண்டும் நீ. 'பூவூ... தூக்கு! பூவூ... சாயி! பூவூ... வுடு!' பண்ருட்டி லாரியில் பலாப்பழம் ஏற்றுகிற சத்தம். யார்டில் இருக்கிறவன் எல்லாம் வேலையை நிறுத்திவிட்டு 'பூவூ' என்று பின்பாட்டுப் பாடுவான். வயரிங் கொட்டகையில்கூட ஜன்னல் வழியாகப் பாடினார்கள். என் பிடரிக்குப் பின்னால் தினமும் இந்தச் சத்தம். மனிதன் எத்தனை நாள் பொறுப்பான்? நான் பின்னால் வருகிறேன், நீ முன்னால் போ என்றேன்.

'கொரலு குடுக்கணுமே பூவு. உனக்கு வருமா?'

'வரும்.'

'எங்க, ஒருக்கா கத்திக் காட்டு.'

'தேவைப்பட்டால் கத்துவேன். இப்போது தேவையில்லை' என்றேன்.

சிரித்தான். 'செரி வுடு, எனக்குக் காது நல்லாத்தான் கேக்கும்' என்று முன்னால் போனான்.

அதற்கப்புறம் அமைதி. நான் 'தூக்கலாம்' என்பேன், 'திரும்பு' என்பேன், 'விடு' என்பேன், என் குரலில். அவன் எப்படி நடப்பான் தெரியுமா? தலையைப் பின்பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, காதைத் திருப்பிக்கொண்டு, கோழி தண்ணீர் குடித்துவிட்டு வானத்தைப் பார்க்குமே அந்த மாதிரி. பார்க்கச் சகிக்காது. ஆனால் எனக்கு உள்ளூரத் திருப்தி. தாத்தா சொன்னது பலித்துவிட்டது பார். கேட்க வேண்டியவன் குனிந்து வருகிறான்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் ஏதோ கம்பெனியிலிருந்து யார்டைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். வெள்ளை ஹெல்மெட், இஸ்திரி போட்ட சட்டை. அதில் ஒரு மேடம், என் வயதுதான் இருக்கும், போனில் படம் எடுத்துக்கொண்டே வருகிறார். பரீட்சைக்குப் பிறகு வேலைக்கு ஆள் எடுக்கப்போகிறவர்கள் அவர்கள். தேவசகாயம் வாலை ஆட்டிக்கொண்டு பின்னால் போகிறார். நானும் கொளஞ்சியும் கம்பிக்கட்டைத் தூக்கிக்கொண்டு வெட்டுகிற மிஷின் பக்கமாக வருகிறோம். மிஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. போட வேண்டிய இடம் வந்தது. அந்த மேடம் போனை எங்கள் பக்கம் திருப்பினார்.

நீயே சொல்லு. அந்த இடத்தில் நான் என்ன பண்ண வேண்டும்? வாயைப் பிளந்துகொண்டு 'ஓய்' என்று கத்த வேண்டுமா? படித்தவர்கள் முன்னால்?

'விடு' என்றேன். சொன்னேன். சொன்னேன் என்பதுதான் முக்கியம். என் குரலில், தெளிவாக, எப்போதும் சொல்கிற மாதிரியே சொன்னேன். சொல்லிவிட்டு விட்டேன்.

அவன் விடவில்லை.

கழுத்துப்பட்டை எலும்பு. வலது பக்கம். சத்தம் கேட்டதா என்று கேட்காதே, மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது எனக்கு எப்படிக் கேட்கும்?

இதில் என் தப்பு என்ன? பின்னால் இருக்கிறவன் சொல்ல வேண்டும் என்பது சட்டம். முன்னால் இருக்கிறவன் கேட்க வேண்டும் என்பதும் சட்டம்தானே? இன்னும் கேள். அடிபட்டவனே ஒத்துக்கொண்டான். தரையில் கிடந்துகொண்டே தேவசகாயத்திடம் சொன்னான், 'பூவு சொன்னான் சார். எனக்குக் கால் தடுக்கிருச்சு. நாந்தான் முந்திட்டன்.' என் காதால் கேட்டேன். அவன் வாயாலேயே சொல்லிவிட்டான். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? தேவசகாயம் அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். 'முந்துனவனுக்கு அடிபடாதுடா. பிந்துனவனுக்குத்தான் அடிபடும்' என்றார். விசிலை வாயில் வைத்துக்கொண்டு போய்விட்டார். நின்று கேட்டிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன்.

மறுநாள் வரிசையில் நிற்க வைத்து, 'நியூசோட மறுமுனைக்கு ஆரு வரீங்க?' என்று கேட்டார். ஜோடி ஜோடியாக நின்ற கூட்டம், எல்லோருக்கும் ஆள் இருக்கிறது, அப்புறம் எவன் வருவான்? தினமும் கேட்டார். தினமும் ஒருவன் 'ஆன்டெனா இருந்தா வரோம் சார்' என்பான். பரீட்சை வந்தது, போனது. அடுத்த பேட்சில் ஆள் கிடைத்தால் வா என்று அனுப்பிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போனாயா என்று டீக்கடைக் கூட்டம் கேட்கும். போனேன். ஆரஞ்சு வாங்கிக்கொண்டுதான் போனேன். வார்டு வாசலில் ஒருத்தி போனில் பேசிக்கொண்டிருந்தாள். குரலை வைத்துத்தான் அம்சவல்லி என்று தெரிந்தது. 'ரெண்டு ஆளுக்குச் சோறு குடுத்து வுடும்மா. பூவு அண்ணன் எப்படியும் பாக்க வந்துருவாரு, அவருக்கும் சேத்து' என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். உள்ளே கூட்டமாக இருக்கும் என்று தோன்றியது. பார்வையாளர் நேரமும் முடிந்திருக்கும். வந்துவிட்டேன். ஆரஞ்சைப் பஸ்ஸில் நானே தின்றேன். ஒரே புளிப்பு.

என்ன தம்பி, நெளிகிறாய்? மணி இன்னும் அடிக்கவில்லை. பயப்படாதே. நீ என் மறுமுனைக்கு வந்தால்... வந்தால் என்றுதான் சொல்கிறேன், உன்னைக் கெஞ்சவில்லை... உனக்கு ஒன்றும் ஆகாது. உன் தோள் அகலம் பத்தாது, துண்டை மடித்து வைத்துக்கொள்ளலாம். தலையில் இவ்வளவு எண்ணெய் கூடாது, ஹெல்மெட் வழுக்கும். இந்தச் செருப்பு ஆகவே ஆகாது. ஆனால் ஒன்று, நீ நன்றாகக் கேட்கிறாய். இவ்வளவு நேரமாகக் குறுக்கே பேசாமல் உட்கார்ந்திருக்கிறாய். அந்த ஒரு யோக்கியதை போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ முன்னால் போ, நான் பின்னால் வருகிறேன். அல்லது நீயே பின்னால் வா. எனக்கு எப்படியானாலும் சரி.

இரு. பஸ் வருகிறது.

இறங்குகிறான் பார். தலையில் துண்டு. அவன்தான். அவனும் பரீட்சை எழுதவில்லையே, மறுபடி சேர வந்திருக்கிறான். பெட்டியை இடது கையில் மாற்றிக்கொள்கிறான். இளைத்துவிட்டான். இளைத்தாலும் மாடு மாடுதான். இந்தப் பக்கம் வருகிறான். நீ ஒன்றும் பேசாதே, நான் பேசிக்கொள்கிறேன்.

வா கொளஞ்சி. ம். நான் அப்போதே வந்துவிட்டேன். ம், நல்லா இருக்கிறேன். அக்கா வீட்டில்தான். சரி. அம்சவல்லியா? அப்படியா. சரி.

ஜோடியா? ஆச்சு, ஆச்சு. இதோ, இந்தத் தம்பிதான். ஆமாம், பேசியாயிற்று. நல்ல பையன். நீ போ, நேரமாகிறது.

போய்விட்டான். பார்த்தாயா? என்ன கேட்டான் பார்த்தாயா? 'ஜோடி சேந்துருச்சா பூவு? இல்லாட்டி நான் இருக்கன்.' இல்லாவிட்டால் இவன் இருக்கிறானாம்! பிச்சை போடுகிறான் எனக்கு. உடைந்த தோளை வைத்துக்கொண்டு எனக்கு வாழ்க்கை கொடுக்க வந்திருக்கிறான். போன தடவை தரையில் கிடந்துகொண்டு பொய் சொன்னான், இந்தத் தடவை நின்றுகொண்டு தர்மம் பண்ணுகிறான். இவன் நிழலில் நான் நிற்க வேண்டுமா? அதனால்தான் உன்னைக் காட்டினேன். சட்டென்று முகம் எப்படிப் போயிற்று, கவனித்தாயா? 'நல்லதாப் போச்சு' என்றான். நல்லதாம். உள்ளே எரிந்திருக்கும்.

சரி, எழுந்திரு, நாமும் போகலாம். பெட்டியைக் கொடு, நான் தூக்கிக்கொள்கிறேன்.

என்ன? திரும்பச் சொல்லு. வயரிங்கா?

எலக்ட்ரீசியன் பயிற்சிக்கா வந்திருக்கிறாய்?

முதலிலேயே சொல்ல வேண்டியதுதானே? சொல்ல வந்தாயா? எப்போது சொல்ல வந்தாய்? நான் விடவில்லையா? சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டும் தம்பி. உனக்குள்ளேயே முணுமுணுத்துக்கொண்டிருந்தால் எதிரே இருக்கிறவனுக்கு எப்படிக் கேட்கும்?

மாற்றிக்கொள்ளலாம். இன்றைக்குத்தான் சேர்க்கிறார்கள், இன்றைக்குச் சொன்னால் மாற்றிக்கொடுப்பார்கள். வயரிங் ஒரு வேலையா? சுவருக்குள்ளே ஒளிந்து கிடக்கிற வேலை. கம்பி என்றால்... கம்பியும்தான் ஒளிந்து கிடக்கும், காங்கிரீட்டுக்குள்ளே, இருந்தாலும் அது வேறு. என்ன, உன் மாமா அங்கே சொல்லி வைத்திருக்கிறாரா? மாமா சொன்னால் கேட்டுவிட வேண்டுமா? சரி. சரி, விடு. உன்னைக் கேட்டேனா நான்? ஆரம்பத்திலேயே சொன்னேனே, உன்னைக் கேட்கவில்லை என்று. முருங்கைக்காய்க் கையை வைத்துக்கொண்டு நீ கம்பி தூக்கிக் கிழித்திருப்பாய்.

அதோ வேலி வழியாகத் தெரிகிறது பார். கொளஞ்சி ஒரு முனையில் நிற்கிறான். மறுமுனையில் யாரும் இல்லை. எவன் நிற்பான், எலும்பு ஒட்டவைத்த ஆளோடு? ரோட்டைப் பார்க்கிறான். இந்தப் பக்கமாகத்தான் பார்க்கிறான்.

நான் எதற்குப் போக வேண்டும்? ஜோடி ஆச்சு என்று இப்போதுதான் சொல்லியிருக்கிறேன், அதற்குள் போய் நின்றால் என்னவென்று நினைப்பான்? அவன் கூப்பிடட்டும். என்ன? கூப்பிட்டானா? 'இல்லாட்டி நான் இருக்கன்' என்பது கூப்பிடுவதா? கூப்பிடுவது என்றால் கூப்பிட வேண்டும். அவனுக்கா குரல் இல்லை? அங்கிருந்து ஒரு 'பூவூ' போட்டால் இந்த ரோடு முழுக்கக் கேட்கும். போடவில்லை பார். வாயை மூடிக்கொண்டு நிற்கிறான். ஒரு தடவை போடட்டும், போகிறேன்.

மணி அடிக்கிறது.

யார் அது, சிவப்புச் சட்டை? புது ஆள். கம்பி கம்பியாகப் பார்த்துக்கொண்டே வருகிறான். அந்த முனைக்கு வருகிறான். வேண்டாம் என்று சொல்லு கொளஞ்சி. ஆள் வருகிறது என்று சொல்லு.

நின்றுவிட்டான்.

இரண்டு பேரும் குனிகிறார்கள்.

நீ இன்னும் ஏன் நிற்கிறாய்? ஓடு, வாட்ச்மேன் கேட்டில் கையை வைத்துவிட்டான். நான் அடுத்த பஸ்ஸில் போய்க்கொள்கிறேன். என்னைப் பார்த்துப் பாவம் என்று ஒரு முகம் வைத்துக்கொள்ளாதே, உன் முகத்துக்கு அது நன்றாக இல்லை. போ.

தம்பி, ஒரு நிமிஷம். அந்தச் சிவப்புச் சட்டைக்காரனிடம் ஒன்று சொல்லிவிடு. வலது தோளில் வைக்க வேண்டாம், இரண்டு பேரும் இடது தோளில் வைக்க வேண்டும் என்று சொல்லு. கொளஞ்சி சொல்ல மாட்டான். ஊரெல்லாம் கேட்கக் கத்துவான், தனக்கு வலிக்கிறது என்று மட்டும் வாயைத் திறக்க மாட்டான், அப்படி ஒரு ஜென்மம். நான் சொன்னதாகச் சொல்லாதே.

தம்பி. திரும்பிப் பார்க்காமல் போகிறாயே, காதில் விழுந்ததா இல்லையா?

தம்பி... இடதுடா! இடது தோளுடா!